தாராபுரமா, கோவையா? அப்பாவின் கொலோனோஸ்கோபி

மலத்தோடு ரத்தம் போவதை அப்பா இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மூலம் என்று நினைத்துக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, எடுத்தே ஆக வேண்டும் என்றானதும் எங்கே என்பதில்தான் பேச்சு. தாராபுரத்திலேயே, வீட்டுக்குப் பத்து நிமிடத்தில் ஒரு சிறிய மருத்துவமனை. இல்லையென்றால் பல்லடம் வழியாக இரண்டு மணி நேரம் போய்க் கோவையில் ஒரு பெரிய மருத்துவமனை.

செலவு, அலைச்சல் இரண்டிலும் உள்ளூருக்குத்தான் மார்க். “ஏங்கண்ணு, பக்கத்துலயே பாத்துக்கலாமே” என்றார் அப்பா. சிடி ஸ்கேனிலேயே குடலைப் பார்க்கும் வழியும் உண்டு. அதில் குடலில் ஓட்டை விழும் பயம் மிகக் குறைவு. ஆனால் பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதை) தெரிந்தால் வெட்டுவதற்கு மறுபடி கொலோனோஸ்கோபிதான். எங்களுக்கு அது சுற்றுவழி.

இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: “குடல்ல ஓட்டை விழுந்துட்டா என்னங்க பண்ணுவீங்க?” உள்ளூர் டாக்டர் மறைக்காமல் சொன்னார்: “ஆம்புலன்ஸ்ல கோவைக்கு அனுப்பிருவோமுங்க.” கோவையில் ஓட்டையை மூடும் கிளிப் அதே அறையில் இருக்கிறது, சர்ஜன் அதே கட்டடத்தில் இருக்கிறார். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

வெறுமனே பார்ப்பதற்கு மட்டும் என்றால் 1,000 பேரில் ஒருவருக்குக்கூட ஓட்டை விழுவதில்லை. பாலிப் வெட்டினால் வாய்ப்பு கூடும். குழாய் வளையும்போது குடல் சுவரில் அழுத்தலாம், உள்ளே செலுத்தும் காற்றில் குடல் உப்பலாம், வெட்டும் கம்பியின் சூடு சுவரைச் சுடலாம். சிறிய ஓட்டை அப்போதே கண்ணில் பட்டால் குழாய் வழியாகவே கிளிப் போட்டு மூடிவிட்டு, பட்டினி, டிரிப், ஆன்டிபயாடிக் என்று சமாளிக்கப் பார்ப்பார்கள். கவனிக்காமல் விட்டால் மலம் வயிற்றுக்குள் கசிந்து சீழ் பிடிக்கும். அப்புறம் ஆபரேஷன்தான், சிலருக்குக் குடலை வெளியே எடுத்துப் பை வைக்கும்படி ஆகும். நடுவில் கரையும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. அந்த நேரத்தை ஆம்புலன்ஸில் கழிக்க எனக்கு மனமில்லை. கிளிப் போட்டு நான் பார்த்ததில்லை. இதெல்லாம் டாக்டர் படம் போட்டு விளக்கியது.

முந்தின நாளே சிங்காநல்லூரில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கலாம். அங்கே போய் டாய்லெட்டைப் பிடித்துக்கொள்வதா என்று அப்பாவுக்குக் கூச்சம். விடியற்காலையில், குடலைச் சுத்தமாக்கக் கொடுத்த பேதி மருந்து வயிற்றோடு கிளம்பி, குண்டடத்தில் ஒரு தடவை, பல்லடத்தில் ஒரு தடவை வண்டியை நிறுத்தினோம்.

12 மில்லிமீட்டர் பாலிப் ஒன்றை வெட்டி எடுத்தார்கள். எல்லாம் சுமுகம். ஆனால் என் கணக்கிலேயே ஒரு ஓட்டை இருந்தது. சூடுபட்ட இடம் சில நாள் கழித்தும் ஓட்டையாகலாமாம். அப்போது நாம் இருப்பது வீட்டில்தானே? அதற்காகத்தான் அப்பாவை வற்புறுத்திச் சித்தி வீட்டில் தங்க வைத்தேன். இரண்டாம் நாள் இரவு காய்ச்சல், அடிவயிற்றில் வலி. இருபது நிமிடத்தில் மருத்துவமனை. சிடி ஸ்கேனில் வயிற்றுக்குள் காற்று இல்லை, அதாவது ஓட்டை இல்லை. சுவர் சூடுபட்டதோடு சரி. இரண்டு நாள் பட்டினியும் ஆன்டிபயாடிக்கும் போதுமாயிற்று. தாராபுரத்துக்குத் திரும்பியிருந்தால் அந்த ராத்திரியில் மறுபடி பல்லடம் ரோடுதான்.

மூன்று வருடம் கழித்து இன்னொரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். “அப்ப இங்கயே எடுத்துக்கலாம் கண்ணு” என்று அப்பா இப்போதே ஆரம்பித்துவிட்டார்.