பேராசிரியர் மார்கஸ்: எமனா, பிரிட்டனா, பைத்தியமா?

1955-இல் ஈலிங் ஸ்டுடியோவிலிருந்து வந்த ‘தி லேடிகில்லர்ஸ்’ படத்தில் கொள்ளைக் கும்பலின் தலைவன் மார்கஸ். பேராசிரியர் என்கிறார்கள். எங்கே, என்ன பாடம் நடத்தினான் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. அதனால் ஆளுக்கொரு விளக்கம். (முடிவையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.)

அவன் எமன் என்பது ஒரு கட்சி. ஆளுக்கு முன்னால் நிழல் வருகிறது. அப்புறம்தான் அழைப்பு மணி. மார்கஸாக நடித்த அலெக் கின்னஸின் பொய்ப்பற்களும் குழிந்த கண்களும் உயிரோடிருப்பவனுடையவையாகவே தெரியாது. கதையைக் கனவில் கண்டதாக எழுத்தாளர் வில்லியம் ரோஸ் சொன்னதும் இதற்குத் தோது. ஆனால் அவன் வாடகைக்கு அறை எடுத்த வீட்டின் சொந்தக்காரக் கிழவி மிஸஸ் வில்பர்ஃபோர்ஸ் அவனுடைய நீள ஸ்கார்ஃபை மிதித்துக்கொண்டு நிற்கிறாளே! பாசக்கயிறு எமன் கழுத்திலேயே விழுந்தால் பயம் எங்கே மிஞ்சும்?

அடுத்தது அரசியல் விளக்கம். போருக்குப் பிந்தைய, சரிந்துகொண்டிருந்த பிரிட்டனின் கேலிச்சித்திரமே அந்தக் கும்பல் என்று இயக்குநர் அலெக்சாண்டர் மெக்கெண்ட்ரிக்கே சொல்லியிருக்கிறார். போலி மிடுக்குள்ள மேஜர், மந்தமான பலசாலி ஒன்-ரவுண்ட், தெருச் சில்லறை ஹாரி, ஒட்டாத அந்நியன் லூயி என்று நால்வருக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. கிழவிதான் விக்டோரியா காலம்; மகாராணி இறந்த செய்தியால் தன் 21-வது பிறந்தநாள் விருந்து கலைந்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவள். மார்கஸை மட்டும் ‘அறிவுஜீவி’ என்று ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது.

வெறும் பைத்தியம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

எனக்கு அவன் தன் திட்டத்தின் மேல் காதல்கொண்டவன். கொள்ளையடித்த 60,000 பவுண்டை கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து எடுத்துவர ஒரு அடியாள் போதும். ஆனால் ஒன்றும் அறியாத கிழவியையே பெட்டியைக் கொண்டுவரச் செய்வதில்தான் அவனுக்கு அழகு தெரிகிறது. அந்த அழகுக்கு ஆசைப்பட்டே மாட்டிக்கொள்கிறான்: கிழவிக்கு விஷயம் தெரிந்துவிட, அவளைக் கொல்லப் பார்த்தும் நடப்பதில்லை. கிழவியைச் சமாளிக்க இருபது, முப்பது, நாற்பது பேர் தேவைப்படும், அவளைக் கொல்லவே முடியாது என்று கடைசியில் லூயியிடம் புலம்புகிறான். அரசியல் விளக்கக்காரர்கள் இந்த இடத்தில் துள்ளுவார்கள். சரி, விக்டோரியா காலம் சாகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கோ, தப்பு எங்கே நடந்தது என்று இன்னமும் கணக்குப் போடுகிறவனின் குரலாகத்தான் அது கேட்கிறது.

லூயியைத் தீர்த்துக்கட்டிய பிறகு, ரயில் சிக்னலின் கை இறங்கி மார்கஸின் தலையில் அடிக்கிறது. கீழே போகும் சரக்கு வண்டியில் விழுகிறான்.