16:8 விரதமும் பளுப் பயிற்சியும்: காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை

யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிற சிநேகிதி போன கிழமை வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "நீர் இன்னும் அந்த 16:8 செய்யிறீரோ? எக்சர்சைஸும் சேர்த்துச் செய்தால் மயங்கி விழமாட்டமோ?" அதே கிழமைதான் நான் போகிற ஜிம்மில் வருடக் கட்டணத்தைக் குறைத்து அறிவித்தல் ஒட்டினார்கள். அவளுக்கான பதிலையும் அந்த அறிவித்தலைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். 16:8 என்றால் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டு, மிச்சப் பதினாறு மணி நேரமும் சாப்பிடாமல் இருப்பது.

மயக்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு வருத்தமோ மருந்தோ இல்லாத ஒருவர் வெறும் வயிற்றில் நடந்தால் பொதுவாக மயங்குவதில்லை. இரவு நாம் தூங்கும்போது இரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பது ஈரலில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்கிற சேமிப்புச் சர்க்கரை. விடியும்போது அது நன்றாகக் குறைந்திருக்கும். ஆனால் தசைகளில் இருக்கிற கிளைக்கோஜன் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். தசை தன்னுடையதை இரத்தத்துக்கு விட்டுக்கொடுக்காது. ஒரு மணி நேரம் வேகமாக நடக்க அதுவும் கொழுப்பும் தாராளமாகப் போதும்.

வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு மரைன் டிரைவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காலை ஐந்தரைக்கு இறங்கி ரயில் தண்டவாளத்தை ஒட்டிப் பம்பலப்பிட்டிப் பக்கம் நடந்துவிட்டு வருவேன். தண்ணீர் மட்டும்தான் குடித்திருப்பேன். வயிறு பாரமில்லை, நெஞ்செரிவு இல்லை, கால் தன்பாட்டில் போகும். முந்தி பால்தேத்தண்ணியும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு நடந்த காலத்தில் இந்தச் சுகம் கிடைத்ததே இல்லை. "வேளைக்குச் சாப்பிடாட்டி கேஸ்ட்ரைட்டிஸ் வரும்" என்று வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லாத ஆள் இல்லை. எனக்கு வரவில்லை. ஏற்கெனவே வயிற்றுப்புண் உள்ளவர்களின் கதை வேறு, அவர்கள் டொக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

நடையோடு விரதம் சேர்வதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. என் முறைப்பாடு முழுக்கப் பளுவோடுதான், அதிலும் ஒரே ஒரு விஷயத்தோடு: காலையில் பளு தூக்கிவிட்டுப் பன்னிரண்டு மணிவரை காத்திருப்பது.

ஜிம்மில் முதல் நாளே அச்சடித்த அட்டவணை ஒன்றைக் கையில் தந்துவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் பயிற்சி, முதல் சாப்பாடு பன்னிரண்டுக்கு, கடைசிச் சாப்பாடு எட்டு மணிக்குள். எனக்குத் தந்ததும் இருபத்திரண்டு வயதுப் பையனுக்குத் தந்ததும் ஒரே தாள். அதன்படியே மாதக்கணக்கில் செய்தேன். ஏழு மணிக்குப் பயிற்சி முடியும். குளித்துவிட்டு 100 பஸ்ஸில் நின்றபடி கொள்ளுப்பிட்டிக்குப் போவேன், மேல் கம்பியைப் பிடித்த கை நடுங்கும். பத்து மணிக்கு அலுவலகத்தில் பால்மாத் தேத்தண்ணி வரும். எனக்குச் சீனி போடாத பிளேன் டீ. வெறும் விரதத்தில் பசி ஒரு எழும்பு எழும்பிவிட்டு இருபது நிமிடத்தில் அடங்கிவிடும், அது எல்லோருக்கும் பழகும். பளு தூக்கிய பிறகு வருகிற பசி அப்படி அடங்குவதில்லை. பதினொரு மணிக்கு ஒரே கடிதத்தை மூன்று தரம் வாசிப்பேன். பன்னிரண்டு மணிக் கூட்டம் பன்னிரண்டே முக்காலுக்கு முடிந்தால் யாரோடும் முகம்கொடுத்துக் கதைக்க முடியாது.

அவ்வளவு காத்திருந்து திறக்கிற சோத்துப் பார்சலில் என்ன இருக்கும்? மலையாகச் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, தேங்காய்ச் சம்பல், பொரித்த அப்பளம், விரல் நீளத்துக்கு ஒரு துண்டு மீன். இன்னொரு துண்டு மீனுக்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பார்த்தேன். மீன் கூடியது, சோறும் சேர்ந்து கூடியது. தசைக்கு வேண்டிய புரதம் அந்தப் பார்சலில் இல்லை.

இது வெறும் பொறுமைப் பிரச்சினை என்றால் சகித்திருப்பேன். பளு தூக்கிய பிறகு தசையில் புரதம் உடைவதும் புதிதாகச் சேர்வதும் இரண்டுமே கூடுகின்றன. வயிறு வெறுமையாக இருக்கும்வரை உடைவதன் பக்கமே கணக்குக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். சாப்பாட்டுப் புரதம் செரித்து அமினோ அமிலமாக வந்தால்தான் அது சேர்வதன் பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தை ஐந்து மணி நேரம் தள்ளிப்போடும்படி எழுதிக் கொடுப்பவர்கள் அதற்கு ஒரு காரணமாவது சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்த காரணம், "வெறும் வயித்துல செஞ்சா கொழுப்பு எரியும் அக்கா." எரியும்தான். அந்த ஒரு மணி நேரத்தில் கொழுப்பு கூடுதலாக எரிகிறது என்பது உண்மை. ஆனால் 2014இல் 20 இளம் பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, எல்லோருக்கும் குறைந்த கலோரி உணவும் வாரத்துக்கு மூன்று நாள் ஒரு மணி நேரப் பயிற்சியும் கொடுத்து, ஒரு குழு வெறும் வயிற்றோடும் மற்றது சாப்பிட்டும் செய்து பார்த்தார்கள். நான்கு வாரம் கழித்து இரு குழுவுக்கும் எடையும் கொழுப்பும் குறைந்தன, இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் இல்லை. உடம்பு ஒரு மணி நேரக் கணக்கு வைப்பதில்லை, முழு நாளுக்கும் சேர்த்தே பார்க்கிறது.

எனக்கு வழி காட்டியது அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் தெமட்டகொடைப் பெண். ரமழான் காலத்தில் ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்கட தம்பி நோன்பு காலத்துல பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகுதான் அக்கா பந்தடிக்கப் போறது. வெளயாடி முடியிற நேரம் நோன்பு திறக்கலாம்தானே. காலைல போனா நாள் முழுக்க எப்படித் தாங்குறது?" தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிற ஏற்பாடு இது: உடம்பை வருத்துகிற வேலையைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைப்பது. அச்சடித்த அட்டவணையில் அது இல்லை.

அப்புறம் தேடி வாசித்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. விரதத்தோடு பளுப் பயிற்சி செய்யலாம் என்பதற்கு எல்லோரும் காட்டுகிற ஆய்வு 2016இல் இத்தாலிக்காரர்கள் செய்தது. ஏற்கெனவே பயிற்சியில் இருந்த 34 ஆண்கள், எட்டு வாரம், 16:8. கொழுப்புக் குறைந்தது, தசை குறையவில்லை. ஆனால் அவர்கள் சாப்பிட்டது பகல் ஒரு மணி, நான்கு மணி, இரவு எட்டு மணி. பயிற்சி செய்தது மாலை நாலுக்கும் ஆறுக்கும் இடையில். அதாவது சாப்பாட்டு நேரத்துக்கு நடுவிலேயே தூக்கினார்கள், முடிந்ததும் புரதமும் எடுத்தார்கள். இதைக் காட்டித்தான் இங்கே விடியற்காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் தூக்கு என்று சொல்கிறார்கள்.

நானும் பளுவை மாலைக்கு மாற்றினேன். அதே ஜிம்மில் பெண்களுக்கு ஐந்தரை முதல் ஏழு வரை தனி நேரம் இருந்தது. நாலு மணிக்கு அலுவலகத்திலேயே ஒரு கோப்பை அவித்த கடலை, கொஞ்சம் தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டது. ஐந்தரைக்குப் பயிற்சி. ஏழரைக்கு, ரியூசன் முடிந்து வரும் மகளோடு இரவுச் சாப்பாடு. அதன் பிறகு நடந்த மாற்றத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. மாதக்கணக்கில் ஒரே டம்பெல்லில் நின்ற கை அடுத்த டம்பெல்லுக்குப் போனது. நாங்கள் இருக்கிற தொடர்மாடியில் லிஃப்ட் அடிக்கடி பழுதாகும். முந்தி ஒரு 5 கிலோ அரிசிப் பையோடு ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிய நான், இப்போது கைக்கொன்றாக இரண்டு பையை நான்காம் மாடிவரை நிற்காமல் கொண்டுபோகிறேன். நாற்பத்தைந்து வயதில் இது எனக்குக் கிடைத்த பெரிய சொத்து. பயிற்சி முடிந்து வீதிக்கு வந்தால் வண்டிலில் செவ்விளநீர் வெட்டிக்கொண்டிருப்பார்கள். விரத நேரத்தில் அதைத் தொட முடியாது, சீனி இருக்கிறது. உடம்பில் நீர் வற்றினால் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பக்கற்றும் அப்படித்தான், அதில் குளுக்கோஸ் உண்டு. மாலையில் அந்தக் கவலை இல்லை. கொழும்பின் புழுக்கத்தில், அதிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிற ஏப்ரலில், வேர்வை காயாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீரும் உப்பும் எவ்வளவு போகிறது என்று சட்டையைப் பிழிந்தால் தெரியும். அந்த வேர்வையோடு நின்று குடிக்கிற செவ்விளநீர் மாதிரி ஒன்று கிடையாது.

எடையைக் கேட்பவர்களுக்கு: குறைந்தது, பிறகு நின்றுவிட்டது. இடுப்பு இன்னும் குறைகிறது. ஆனால் அதை விரதத்தின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. 2020இல் அமெரிக்காவில் 116 பேரை வைத்து, பன்னிரண்டு முதல் எட்டு மணிவரை மட்டும் சாப்பிடச் சொல்லிப் பன்னிரண்டு வாரம் பார்த்தார்கள். மூன்று நேரமும் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் வரவில்லை. கைகால் தசை கொஞ்சம் குறைந்ததோ என்ற சந்தேகமும் எழுந்தது. 2022இல் சீனாவில் 139 பேரை ஒரு வருடம் பார்த்தபோதும் அப்படித்தான்: இரு குழுவும் கலோரியைக் குறைத்தார்கள், ஒரு குழு மட்டும் காலை எட்டு முதல் மாலை நாலுக்குள் சாப்பிட்டது, முடிவில் பெரிய வேறுபாடு இல்லை. விரதம் எனக்குச் செய்தது, இரவு பத்து மணிக் கொத்துரொட்டியையும் அலுவலகப் பிறந்தநாள் ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட்டையும் நிறுத்தியது. அது சின்ன விஷயம் இல்லை. என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சர்க்கரை வியாதி வந்த வயதில் நான் இருக்கிறேன்.

புரதக் கணக்கைச் சிநேகிதி தனியாகக் கேட்டாள். பளு தூக்குபவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் அளவு என்பார்கள். 60 கிலோவுக்கு 96 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு கோப்பை அவித்த கடலையில் 14 கிராம் அளவு. எட்டு மணி நேரத்துக்குள் அந்தக் கணக்கை நிரப்புவது மரக்கறிக்காரருக்குப் பெரும் பாடு. நான் வீட்டிலிருந்து சூரை மீனும் கௌபியும் கட்டிக்கொண்டு போகிறேன்.

மாமியின் கதையையும் சொல்ல வேண்டும். அவர் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் ஒருநேரச் சாப்பாட்டோடு இருப்பவர். சர்க்கரைக்கு மெட்ஃபோர்மினோடு கிளிக்லசைடும் போடுகிறார். இரண்டாவது குளிசை, சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும், அதனால் விரதத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடலாம். சஷ்டிக்கு முன்னாலேயே கிளினிக்கில் சொல்லி அளவை மாற்றி எழுதி வாங்குவார். மருந்து எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், பால் கொடுப்பவர்கள் என்னைப் பார்த்து எதையும் தொடங்க வேண்டாம்.

இனி அந்த அறிவித்தல். கட்டணம் குறைந்திருக்கிறது, நல்ல குறைவுதான். கீழே சின்ன எழுத்தில், அடுத்த மாதத்திலிருந்து பெண்களுக்கான நேரம் காலை ஐந்தரை முதல் ஏழு வரை மட்டும். மாலையில் கூட்டம் அதிகமாம். கேட்டதற்கு, "காலைலதான் நல்லது, ஃபாஸ்டிங்ல செய்யலாமே" என்றார்கள். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. வேலைக்குப் போகிற பெண்கள் சமைத்து, பிள்ளையை அனுப்பி, அதற்கு முன்னால் பளுவும் தூக்கி, மதியம்வரை பட்டினியும் கிடக்க வேண்டும், அதையே ஒரு வசதி என்று சொல்கிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தைக் காலை எட்டு முதல் மாலை நாலு என்று முன்னுக்குத் தள்ளலாமே என்று கணவர் சொன்னார். உடம்புக்கு அது பொருந்தும். ஆனால் மகளோடு நான் சேர்ந்து உட்காருகிற ஒரே சாப்பாடு இரவு ஏழரை மணிச் சாப்பாடு. அதைக் கொடுக்க மாட்டேன்.

ஆகவே சிநேகிதிக்கு என் பதில்: இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், விரதத்தை இப்போது தொடங்க வேண்டாம். பளுவை முதலில் தொடங்கும். உமக்குப் பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு முடிகிறது, பின்னேரம் கையில் இருக்கிறது, மூன்று மாதம் கழித்து 16:8ஐச் சேர்த்தால் என்னைவிட உமக்கு நன்றாகச் சரிவரும். நான் வருடக் கட்டணத்தைக் கட்டவில்லை, மாதக் கட்டணத்திலேயே இருக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து ஜிம் நாட்களில் இரண்டு முட்டையும் பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். நடக்கிற நாட்களில் மட்டும் பன்னிரண்டு மணி. மாலை நேரத்தைத் திருப்பித் தந்தால் மிச்ச நாட்களுக்கும் விரதத்தை மறுபடி எடுப்பேன்.