தானே நகரும் சீட்டுக்கட்டு: எதை நம்பி மேடையேறலாம், எது காலை வாரும்

மேஜிக் கடைகளின் விற்பனை வீடியோக்களில் தானே நகரும் கட்டுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் நகரும். மேசைமேல் சீட்டுக்கட்டு இருக்கும், யாரும் தொடமாட்டார்கள். நடுவில் ஒரு கோடு விழும், மேல்பாதி பக்கவாட்டில் மெல்ல ஊர்ந்து நிற்கும், பார்வையாளர் எடுத்த சீட்டு அங்கே தெரியும். பின்னணியில் இசை ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இசை எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும், பாதி விமர்சனம் முடிந்தது. உள்ளே மோட்டார் இருக்கிறது, மோட்டாருக்கு வாய் உண்டு.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். ‘எலக்ட்ரிக் டெக்’ என்று பட்டியலில் இருப்பதைப் பார்த்து மின்சாரக் கட்டு என்று வாங்கிவிடாதீர்கள். அது சீட்டுகளை ஒன்றோடொன்று நூலால் கோத்த பழைய சரக்கு. ஒரு கையிலிருந்து மறுகைக்கு அருவி மாதிரி கொட்டிக் காட்டுவதற்கானது. பாட்டரியும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. இங்கே பேசப்போவது உண்மையிலேயே மின்சாரத்தில் ஓடுபவற்றைப் பற்றி. அவை மூன்று வகை: தானே வெட்டிக்கொள்ளும் கட்டு, சீட்டு மேலெழும் கட்டு, சாதாரணக் கட்டை நூலால் இழுக்கும் மோட்டார் ரீல்.

மூன்றின் தரமும் ஒரே இடத்தில் தெரிந்துவிடும். நகர வைப்பது சுலபம், ஒரு பொம்மைக் காரின் மோட்டார் போதும். நினைத்த இடத்தில் சத்தமில்லாமல் நிற்க வைப்பதில்தான் காசு செலவாகிறது. மலிவு சரக்கு பல்லிளிப்பதும் அங்கேதான்.

காரணம் இடப் பற்றாக்குறை. போக்கர் அளவுச் சீட்டு 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம். ஒரு சீட்டின் தடிமன் ஏறக்குறைய 0.3 மி.மீ. என்றால், 52 சீட்டும் சேர்ந்து 15, 16 மி.மீ. தேறும். மோட்டார், பல்சக்கரம், பாட்டரி, ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பொழுதுபோக்கு மின்னணுவில் எங்கும் கிடைக்கும் என்20 கியர் மோட்டாரின் குறுக்களவு 10க்கு 12 மி.மீ. அதைப் படுக்க வைத்தாலே 33 சீட்டின் தடிமன் போய்விடும். மேலெழும் கட்டுக்கு அது சரிப்படும், ஏனென்றால் அங்கே கட்டு பிளப்பதில்லை, முழுத் தடிமனையும் இயந்திரத்துக்குக் கொடுக்கலாம். தானே வெட்டும் கட்டோ நடுவில் பிளக்க வேண்டும். ஆகவே இயந்திரம் ஒரு பாதிக்குள், அதாவது 8 மி.மீ.க்குள் ஒடுங்கியாக வேண்டும். அங்கே 6 மி.மீ. உருளை மோட்டார்தான் நுழையும். சின்ன மோட்டாருக்கு இழுவை குறைவு. அதை ஈடுகட்ட மிக வேகமாகச் சுழலவிட்டு, பல கியர்களால் வேகத்தைக் குறைக்கிறார்கள். கொசு ரீங்காரம் போன்ற அந்த ‘ங்ஙீ’ சத்தம் அதிலிருந்து வருவது. வடிவமைப்பாளர் சோம்பேறி என்று திட்டிப் பயனில்லை, கணக்கே அப்படித்தான் விழுகிறது.

அடுத்தது எடை. 52 சீட்டும் ஏறக்குறைய 95 கிராம். மேல்பாதி என்றால் 47 கிராம். அதை 35, 40 மி.மீ. தூரம் தள்ள வேண்டும். நல்ல கட்டுகளில் மேல்பாதியின் உட்சீட்டுகளைச் சட்டம்போலக் குடைந்து எடையைக் குறைத்திருப்பார்கள். சில தயாரிப்புகளில் இடம் போதாமல் மோட்டாரைக் கீழ்ப்பாதியிலும் பாட்டரியை மேல்பாதியிலும் வைத்து, இடையே மெல்லிய வயர் ஓட்டியிருப்பார்கள். பிளந்து பிளந்து மூடுவதில் அந்த வயர் மடிந்து, சாலிடர் செய்த இடத்தில் முதலில் அறும். கட்டு திறந்த நிலையில் மட்டும் செத்துப்போய், மூடினால் உயிர் பெறுகிறது என்றால் கோளாறு இதுதான். வாங்குமுன் கட்டை முழுதாகத் திறந்து, பிளவுக்கு நடுவே வயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வேண்டாம்.

நிற்கும் விஷயத்துக்கு வருவோம். மலிவான கட்டுகள் நேரக் கணக்கில் நிற்கும். பட்டனை அழுத்தியதும் மோட்டார் இத்தனை நொடி ஓடி அணையும். லித்தியம் பாலிமர் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் தரும், பாதி நிகழ்ச்சி தாண்டினால் 3.6 வோல்ட் பக்கம் இறங்கும். மோட்டாரின் வேகம் வோல்டேஜைப் பின்தொடரும் என்பதால், முதலில் 40 மி.மீ. போன பாதி இப்போது 34 மி.மீ.யில் நின்றுவிடும். ஆர்ட்டின் ராணியின் மூலை தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளை ஓரம் மட்டும் தெரியும். சற்று மேலான கட்டுகளில் பாதையின் இரு முனையிலும் சின்ன சுவிட்சோ காந்த உணரியோ இருக்கும். பாட்டரி எந்த நிலையிலிருந்தாலும் அங்கே போய்த்தான் நிற்கும். இன்னும் ஒன்று: மின்சாரத்தை வெறுமனே துண்டித்தால் மோட்டார் ஓடிய வேகத்தில் இன்னும் கொஞ்சம் ஓடித்தான் ஓயும். மோட்டாரின் இரு முனைகளையும் ஷார்ட் செய்து பிரேக் போடும் டிரைவர் சிப் இருந்தால், நாடகத்தில் நடிகர் சட்டென்று திரும்பி நிற்பதுபோல் நிற்கும். பார்வையாளருக்குத் திகிலூட்டுவது அந்த நிறுத்தம்தான். விற்பனையாளரிடம் ‘எண்ட் சுவிட்ச் உண்டா, பிரேக் உண்டா’ என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நேரக் கணக்குக் கட்டு என்றே வைத்துக்கொள்ளலாம்.

மேலெழும் கட்டில் சங்கதி வேறு. அங்கே ஒரு ரப்பர் உருளை சீட்டின் முதுகில் உரசி மேலே தள்ளும். உருளை 5 மி.மீ. விட்டமென்றால் சுற்றளவு 15.7 மி.மீ. சீட்டு 50 மி.மீ. எழ மூன்று சுற்றுக்குச் சற்று மேல் ஆகும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மூன்று நொடிக்கும் கொஞ்சம் கூடுதல். மேடைக்கு இந்த வேகம் பொருத்தம். இரண்டு நொடிக்குள் எழுந்தால் டோஸ்டரிலிருந்து ரொட்டி வருவது மாதிரி இருக்கும், அரங்கம் சிரிக்கும்.

உருளையின் பகை மெழுகும் பொடியும். விசிறி விரிக்கச் சீட்டுக்குப் பூசும் ஜிங்க் ஸ்டியரேட் பொடி இந்தக் கட்டின் பக்கமே வரக்கூடாது. அது உருளையில் படிந்தால் உருளை சுற்றும், சீட்டு அசையாது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் உருளையைத் திருப்பித் திருப்பித் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டால் பிடிப்பு திரும்பிவிடும். முழு பிளாஸ்டிக் சீட்டுகளில் உருளை வழுக்கும், காகிதச் சீட்டுதான் சரி. வியர்வையிலும் ஈரக்காற்றிலும் சீட்டு வளைந்திருந்தால் பாதி எழுந்து கோணிக்கொண்டு சிக்கும். எழவேண்டிய சீட்டை மட்டும் முந்தின இரவு கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்து நேராக்கிக்கொள்வது நல்லது.

மேலெழும் கட்டுகளிலும் இரண்டு ரகம். ஒன்றில் எழும் சீட்டு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது, எத்தனை முறை செய்தாலும் அதே இஸ்பேட் ஏழுதான் எழும். பார்வையாளரை அந்தச் சீட்டையே எடுக்கவைக்க ஃபோர்ஸ் செய்ய வேண்டும். மற்றதில் உருளைக்கு எதிரே ஒரு பிளவு இருக்கும், எந்தச் சீட்டையும் அதில் செருகலாம். பார்வையாளர் கையெழுத்திட்ட சீட்டே எழும்போது கிடைக்கும் கைத்தட்டலுக்கு முதல் ரகம் ஈடாகாது. விலை வித்தியாசம் எவ்வளவானாலும் பிளவு உள்ளதையே வாங்குங்கள்.

ரிமோட்டில்தான் மேடைகளில் மானம் போகிறது. 433 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எளிய ரிசீவர்கள் சுற்றுப்புற இரைச்சலைக்கூடச் சில நேரம் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அறிமுகப் பேச்சு முடியுமுன்னே கட்டு தானாக வெட்டிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சங்கேதம் நம்பகமானது, ஆனால் அந்த அலைவரிசையில் வைஃபை, புளூடூத், சில வயர்லெஸ் மைக்குகள் எல்லாம் குடியிருக்கின்றன. போதாக்குறைக்கு மனித உடம்பின் நீர் அதை உறிஞ்சும். ரிமோட்டைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கட்டைப் பார்த்து நின்றால், நடுவில் நிற்பது உங்கள் உடம்புதான். முன்பாக்கெட்டிலோ ஷூவுக்குள் கால்விரல் சுவிட்சாகவோ வையுங்கள். கால்விரல் சுவிட்சுக்கு இன்னொரு லாபம், இரண்டு கையும் வெறுமையாக விரிந்திருக்கும். கட்டளை போய்ச் சேர்ந்ததும் லேசாக அதிர்ந்து பதில் சொல்லும் ரிமோட் கிடைத்தால் விடாதீர்கள். அது இல்லாதவர் பட்டனை இரண்டு முறை அழுத்துவார், கட்டு திறந்து உடனே மூடும்.

மூன்றாவது வகையான மோட்டார் ரீல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டு கலப்படமற்றது, முன்னும் பின்னும் பார்வையாளர் கையில் கொடுக்கலாம். அந்த ஒரே காரணத்துக்காக இதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுபவர்கள் உண்டு. ஆனால் நூல் நூல்தான். பின்னாலிருந்து அடிக்கும் விளக்கில் மின்னும், ஏசி காற்றில் பறக்கும், முக்கியமான நேரத்தில் அறும். உடம்பில் கட்டிக்கொள்ளும் ரீலின் சத்தம் சட்டையில் குத்திய காலர் மைக்குக்கு மிக அருகே எழுவதால், கட்டுக்குள் இருக்கும் மோட்டாரைவிட மோசமாக ஒலிபெருக்கியில் கேட்கும். ஏற்கெனவே நூல் வேலை பழகியவர்களுக்கு மட்டும்.

வாங்கியதும், திருப்பிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள், ஒரு மணி நேரம் ஒதுக்கி இப்படிச் சோதியுங்கள். முழு சார்ஜ் ஏற்றி, விரிப்பில்லாத மர மேசையில் வைத்து 30 முறை தொடர்ந்து இயக்குங்கள். முதல் நகர்வையும் முப்பதாவதையும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பிவிடலாம். அதே மேசையில் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அடியில் நியோபிரீன் விரிப்பைப் போட்டு மறுபடி கேளுங்கள். வெற்று மரம் தபேலா மாதிரி சத்தத்தைப் பெருக்கும். விரிப்பு போட்டும் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்குக் கேட்டால், பேச்சோ இசையோ இல்லாமல் அந்தக் கட்டைப் பயன்படுத்த முடியாது. பிறகு ரிமோட்டைப் பாக்கெட்டில் போட்டு, முதுகைக் காட்டி ஐந்து மீட்டர் தள்ளி நின்று பத்து முறை அழுத்துங்கள், பத்தும் வேலை செய்ய வேண்டும். இதைச் செய்யும்போது ஹாட்ஸ்பாட் ஓடும் போன் ஒன்று கட்டின் பக்கத்தில் இருக்கட்டும். கடைசியாகக் கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி ஓரத்தைப் பாருங்கள். இயந்திரத்தை மறைக்க ஒன்றாக ஒட்டிய சீட்டுகளின் விளிம்பு வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். ஒட்டாமல் தளர்வாக விட்ட சீட்டுகளின் விளிம்பு சில நாளில் அழுக்கேறும். இரண்டுக்கும் நடுவே கோடு தெரியத் தொடங்கினால் தளர்வான சீட்டுகளை மாற்ற வேண்டும். முதுகுச் சிவப்பு ஒரே பிராண்டிலேயே அச்சுக்கு அச்சு மாறும் என்பதால், கட்டு வந்தவுடனே பொருந்துகிற இரண்டு சாதாரணக் கட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.

பாட்டரி பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியர் மணி அளவில் இருக்கும். கட்டளைக்குக் காத்திருக்கும் ரிசீவர் 15 மில்லி ஆம்பியர் இழுத்தால், ஒரு சீட்டுகூட நகராமலே ஆறு மணி நேரத்தில் காலி. காலையில் ஆன் செய்து இரவு மேடையேறுபவர்கள் ஏமாறுவது இதில்தான். ஆன் சுவிட்சைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது போடுங்கள். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் செல் கெடும். கட்டு நடுவில் உப்பி, பக்கவாட்டில் பார்த்தால் முதுகு வளைந்து தெரியும். உப்பியதை அழுத்திச் சரிசெய்ய முயலாதீர்கள், ஊசி படக்கூடாது, தீப்பிடிக்கும். செல்லைத் தாமே மாற்றுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எங்கும் கிடைக்கும் டிபி4056 சார்ஜர் பலகை அப்படியே போட்டால் 1 ஆம்பியர் தள்ளும், இந்தச் சின்ன செல்லுக்கு அது பத்து மடங்கு. மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் போட்டால் 130 மில்லி ஆம்பியராக இறங்கும். செல்லை மாற்றவே முடியாதபடி சீல் வைத்த கட்டுகள் எவ்வளவு அழகாக ஓடினாலும், செல்லின் ஆயுளோடு அவற்றின் ஆயுளும் முடிந்தது.

விமானத்தில் போகும்போது உதிரி செல்லைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், கட்டையும் அதிலேயே வையுங்கள். கொள்ளளவு 0.37 வாட் மணிதான், எந்த வரம்பையும் தொடாது. ஆனால் எக்ஸ்ரேயில் குடைந்த சீட்டுக்கட்டுக்குள் வயரும் பாட்டரியும் தெரிந்தால் எந்தக் காவலருக்கும் சந்தேகம் வரும். சார்ஜரோடு சேர்த்து, தனியாக, எளிதில் எடுத்துக் காட்டும்படி வைப்பது புத்திசாலித்தனம்.

எது வாங்கலாம் என்றால், மேடைக்குப் பிளவுள்ள மேலெழும் கட்டு. செங்குத்தாக நிற்பதால் ஐந்தாறு வரிசை வரை தெரியும், கேமரா வைத்துத் திரையில் காட்டினால் அரங்கம் முழுக்க. தானே வெட்டும் கட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்த பத்துப் பேருக்கு அருமையான சரக்கு, மேடையில் வீண். இரண்டையுமே பார்வையாளர் கையில் கொடுக்க முடியாது. ஆகவே சாதாரணக் கட்டில் சீட்டெடுக்க வைத்து, நடுவில் கட்டை மாற்றி, முடிந்ததும் திரும்ப மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். அது கைவரவில்லை என்றால் அந்தப் பணத்தில் முதலில் பத்து சாதாரணக் கட்டு வாங்கிக் கண்ணாடி முன் நின்று பழகுங்கள். நகரும் கட்டு ஆறு மாதம் கழித்தும் கடையில் இருக்கும், அதற்குள் இன்னும் கொஞ்சம் சத்தம் குறைந்த மாடலும் வந்திருக்கக்கூடும்.