வக்கீல் ஆபீசுக்கு இன்டீரியர் செய்யப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

ஊருக்கெல்லாம் அக்ரிமென்ட் எழுதிக் கொடுக்கிற நாங்கள், எங்கள் ஆபீஸ் வேலையை வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பக்கக் கொட்டேஷனை நம்பிக் கொடுத்தோம். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

பாரிமுனை தம்புச்செட்டித் தெருவில் இரண்டாவது மாடி, 900 சதுர அடி. சீனியருக்கு ஒரு கேபின், கட்சிக்காரர்களோடு பேச ஒரு அறை, ஜூனியர்களுக்கு மேஜை, சுவர் முழுக்கப் புத்தக அலமாரி, எல்லாம் சேர்த்து 14 லட்சம். "பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும், வேண்டுமா சார்?" என்றார் காண்டிராக்டர். வேண்டாம் என்று தலையாட்டினோம், அதற்கு இப்போது அனுபவிக்கிறோம்.

முதல் நாள் 710 முத்திரை குத்திய பிளைவுட் நாலு ஷீட் இறக்கிக் காட்டினார். 710 என்றால் தண்ணீரில் கொதிக்க வைத்தாலும் பிரியாத ரகம். சரி, நல்ல சரக்கு என்று கோர்ட்டுக்குப் போய்விட்டோம். மழைக்காலம் வந்ததும் அலமாரியின் கீழ்த்தட்டு உப்பியது, மேல்தட்டு நடுவில் தொட்டில் மாதிரி தொங்கியது. வேறொரு ஆசாரியைக் கூப்பிட்டு மைக்காவை உரித்துப் பார்த்தால் உள்ளே 303 முத்திரை, தண்ணீரில் ஊறினால் தாங்காத கமர்ஷியல் பிளை. அதிலும் நாலடிப் பலகைக்கு நடுவில் ஒரு தாங்கல்கூட இல்லை. தீர்ப்புகளைத் தொகுத்து பைண்டு செய்த ஏஐஆர் வால்யூம் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ கனக்கும், இருபது நின்றால் 40 கிலோ, பலகை என்ன செய்யும் பாவம்?

இதையாவது மாற்றிக்கொள்ளலாம். பெரிய கொடுமை பார்ட்டிஷன்தான். ஜிப்சம் போர்டு ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டது, அதற்கு மேலே தளம் வரை ஒன்றரை அடி காலி. உள்ளே சத்தத்தைத் தடுக்கும் ராக்வூல் வைப்பதாகச் சொன்னார், தட்டினால் டொக் டொக் என்கிறது. ஒரு சாயங்காலம் விவாகரத்து வழக்குக்காக வந்த அம்மாவிடம் ஜீவனாம்சத் தொகை பற்றிப் பேசிவிட்டு வெளியே வந்தேன். ரிசப்ஷனில் செக் கேசுக்காகக் காத்திருந்த பெரியவர் என்னைப் பக்கத்தில் அழைத்து, "தம்பி, அந்தப் பொண்ணுக்கு நீங்க சொன்ன தொகை ரொம்பக் கம்மி" என்றார்.

கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே விடக் கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 126, 2023இல் வந்த புதியதில் பிரிவு 132. எங்கள் ஆபீசில் வக்கீல் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை, சீலிங் சொல்லிவிடும்.

பார்ட்டிஷன் தளம் வரை போகிறதா என்று சீலிங் மூடுவதற்கு முன்னாலேயே ஏணி போட்டு ஏறிப் பாருங்கள், வெட்டுகிற ஒவ்வொரு ஷீட்டின் முத்திரையையும் போட்டோ எடுங்கள், அப்புறம் பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள். நாங்கள் பாதி வேலையிலேயே 12 லட்சம் கொடுத்துவிட்டோம்.

நோட்டீஸ் அனுப்பினோம், "வாங்குபவர் முகவரியில் இல்லை" என்று திரும்பி வந்தது. இப்போதைக்கு உள்ளே கட்சிக்காரர் இருந்தால் எங்கள் குமாஸ்தா ரிசப்ஷன் டிவியில் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்.