ஹைக்கூவுக்கு எந்த மரம்: வேம்பா, கிளுவையா?

ஜப்பானிய ஹைக்கூ மரபில் 5-7-5 என்று 17 ஒலியசை, கூடவே பருவத்தைக் காட்டும் ஒரு சொல். அங்கே செர்ரிப் பூ என்றாலே வசந்தம். சரி, காங்கேயம், தாராபுரம் பக்கம் இருந்து எழுதுகிறவர் எந்த மரத்தைப் பிடிப்பது?

வேம்பு சுலபம். மாசி, பங்குனியில் பழுத்த இலை கொட்டும், செம்பு நிறத்தில் கொழுந்து வரும், சித்திரையில் பூ. பெயரைச் சொன்னதுமே கோடை வந்துவிடும். ஆனால் தமிழ்நாடு முழுக்க இதே வேம்புதான்.

கிளுவை அப்படி இல்லை. கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி உயிர்வேலியாக நிற்பது. வறட்சியில் இலையெல்லாம் உதிர்த்து வெறும் முள்ளும் கொம்புமாக இருக்கும்; மழை விழுந்தால்தான் துளிர்க்கும். மாதக் கணக்குக்குக் கட்டுப்படாது. நம் மேட்டு நிலத்தில் பருவம் என்பதே மழை பெய்ததா இல்லையா என்பதுதானே!

மழை விட்ட வாரம்
கிளுவை வேலியில் கால் வைத்து
எம்பும் வெள்ளாடு

துளிர் வந்ததைச் சொல்லவே வேண்டாம், ஆடு சொல்லிவிடுகிறது. வேம்பை வைத்தால் இந்த ஊர் போய்விடும். அதனால் என் ஓட்டு கிளுவைக்கே. வெளியூர்க்காரர்களுக்கு வாசிப்பதென்றால் மட்டும் வேம்பு: கிளுவையை அறியாதவருக்கு விளக்கம் வேண்டும், மூன்று வரியில் அதற்கு இடமில்லை.