ஒட்டுப்போட்ட டைமிங் பெல்ட்டை முழு வளையம் என்று விற்கிறார்கள்

ரிமோட் கன்ட்ரோல் ட்ரக்கைச் சொந்தமாகக் கட்டுகிறவர்கள், அதிலும் பெல்ட் வைத்து நான்கு சக்கரங்களையும் ஓட்ட நினைப்பவர்கள், டைமிங் பெல்ட் (உட்புறம் பல் வைத்த ரப்பர் பட்டை) வாங்கும்போது எச்சரிக்கையாக இருக்கவும். வாட்ஸ்அப் வழியாக உதிரிபாகம் விற்கும் ஒருவர், ஒட்டுப்போட்ட பெல்ட்டை முழு வளையம், அதாவது ஒட்டே இல்லாமல் வளையமாக வார்த்தது, என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்.

நான் கேட்டதில் குழப்பமே கிடையாது. எச்.டி.டி. 3எம் என்ற வளைந்த பல் வகை, 100 பல், 9 மில்லிமீட்டர் அகலம். பல்லுக்குப் பல் 3 மில்லிமீட்டர் என்பதால் சுற்றளவு 300. மோட்டார் பக்கம் 18 பல் புல்லி (பெல்ட் சுற்றும் பல் சக்கரம்), அச்சுப் பக்கம் 54. புல்லிகளின் மையங்களுக்கு இடையே ஏறத்தாழ 94 மில்லிமீட்டர் வரும்; அந்தக் கணக்குப்படியே அலுமினியத் தகட்டில் துளை போட்டு வாங்கியிருந்தேன். முழுப் பணத்தையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார். பில் பார்சலுக்குள் இருக்கும் என்றார். இல்லை.

சக்கரங்களை மேசைக்கு மேல் தூக்கிவைத்து ஓட்டியபோதே, பெல்ட் ஒரு சுற்று வரும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சத்தம். மண்மேட்டில் ஏற்றியதும் அறுந்துவிட்டது. அறுந்த முனைகளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் மோசடி அப்பட்டமாகத் தெரிகிறது. சுமை தாங்காமல் அறுந்திருந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடியிழைகள் நார் நாராகப் பிய்ந்திருக்க வேண்டும். இங்கோ எல்லா இழைகளும் பிளேடு போட்ட மாதிரி ஒரே கோட்டில் நிற்கின்றன. மேலே காய்ந்த பசை பளபளக்கிறது. ஒட்டிய இடத்தில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளம் மற்றப் பள்ளங்களைவிடக் குறுகல். சத்தம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. மீட்டர் கணக்கில் விற்கும் பெல்ட்டை வெட்டி, முனைகளை ஒட்டி அனுப்பியிருக்கிறார். இழுவையைத் தாங்குவது ரப்பர் அல்ல, அந்த இழைகள்தான். அவற்றையே வெட்டிவிட்டால் பசை எவ்வளவு நேரம் பிடிக்கும்?

படங்களை அனுப்பிக் கேட்டதற்கு, “கரடுமுரடான தரையில் பெல்ட் தாங்காது சார், கியர் போடுங்கள்” என்று பதில் வந்தது. விற்கும்போது இந்த ஞானம் எங்கே போயிருந்தது? 1987-இல் கரடுமுரடான தரையில் நடக்கும் ரிமோட் கார் பந்தயத்தில், ஜப்பானிய வீரர் மசாமி ஹிரோசாகா நான்கு சக்கர உந்துதல் பிரிவில் உலகப் பட்டம் வென்ற ஷூமாக்கர் கேட் வண்டி பெல்ட்டில் ஓடியதுதான்.

வாங்குமுன் பெல்ட்டின் உட்புறமும் முதுகும் தெரியும்படி முழுச் சுற்றையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வார்ப்பிலேயே வளையமாக வந்த பெல்ட்டின் முதுகில் பெரும்பாலும் 300-3எம்-09 என்பதுபோல நீளம், வகை, அகலம் அச்சிட்டிருக்கும். எனக்கு வந்ததன் முதுகு மொட்டை. ஹாபிக் கடையைத்தான் தேட வேண்டும் என்றும் இல்லை. பேரிங், வி-பெல்ட் விற்கும் கடையில் இந்த எண்ணைச் சொன்னாலே கிடைக்கிறது. இப்போது வண்டியில் இருப்பது அப்படி வாங்கியதுதான். மேடு, பள்ளம் எதற்கும் அசையவில்லை.

பணம் திரும்பவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டார். யுபிஐ ரசீது, உரையாடல், அறுந்த பெல்ட்டின் படம் எல்லாவற்றையும் சேர்த்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். இதற்கிடையில் அதே படத்துடன் வேறொரு எண்ணிலிருந்து விற்பனை நடக்கிறது. அந்தப் படத்தில் பெல்ட்டின் ஒரு பகுதியைக் கட்டைவிரல் மறைத்திருக்கும், பார்த்தால் விலகிவிடுங்கள்.