ஹெட்போனுக்கு எந்த ஆம்ப்? வோல்ட் கேட்பவையும் மின்னோட்டம் கேட்பவையும்

விலை உயர்ந்த ஹெட்போன் வாங்கியவர்கள் அடுத்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இதை ஓட்ட எத்தனை வாட் ஆம்ப் வேண்டும்?" ஆம்ப் என்பது ஒலிச் சிக்னலைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர். வாட் கணக்கு பாதிதான் சொல்லும். ஒரே அளவு திறனை ஒரு ஹெட்போன் அதிக வோல்ட்டும் குறைந்த மின்னோட்டமுமாகக் கேட்கும், இன்னொன்று குறைந்த வோல்ட்டும் அதிக மின்னோட்டமுமாகக் கேட்கும். முதல் வகையிடம் அருமையாகப் பாடும் ஆம்ப் இரண்டாவது வகையிடம் திணறுவது இதனால்தான். ஆம்பின் தரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஹெட்போன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

நான்கு ஹெட்போன்களை எடுத்துக்கொள்வோம். 2003-இல் வந்து இன்றும் அளவுகோலாக இருக்கும் சென்ஹைசர் ஹெச்டி 650. ஃபோக்கல் யுடோப்பியா. இவை இரண்டும் டைனமிக், அதாவது கம்பிச் சுருள் ஒட்டிய சவ்வு அதிர்ந்து ஒலி தருபவை. ஆடீஸ் எல்சிடி-எக்ஸ், ஹைஃபைமேன் சுஸ்வரா. இவை இரண்டும் பிளேனர், அதாவது மின்தடம் பதித்த மெல்லிய தட்டைப் படலம் காந்தத்துக்குப் பக்கத்தில் அதிர்ந்து ஒலி தருபவை. எதிரில் மூன்று வகை ஆம்ப். பெஞ்ச்மார்க் ஹெச்பிஏ4, டாப்பிங் ஏ90 போன்ற சுத்தமான சாலிட் ஸ்டேட், அதாவது டிரான்சிஸ்டரில் ஓடுபவை. பாட்டில்ஹெட் கிராக், வூ ஆடியோ டபிள்யூஏ2 போன்ற ஓடிஎல் ட்யூப், அதாவது வெற்றிடக் குழாயில் ஓடும், வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதது. மூன்றாவது, சாதாரண ஸ்பீக்கர் ஆம்ப்.

முதலில் கணக்கு. சிம்பொனி மாதிரி இசையில் சராசரி ஒலிக்கும் உச்சத்துக்கும் 20 டெசிபலுக்கு மேல் இடைவெளி வரும். 80 டெசிபல் சுற்றிக் கேட்பவருக்குக்கூட 110 டெசிபல் உச்சம்வரை ஆம்ப் திணறாமல் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், தயாரிப்பாளர்கள் தரும் அளவுகளிலிருந்து கிடைப்பது இது (இம்பீடன்ஸ் என்பது மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பு):

| ஹெட்போன் | இம்பீடன்ஸ் | வோல்ட் | மின்னோட்டம் | திறன் |
|---|---|---|---|---|
| ஹெச்டி 650 | 300 ஓம் | 2.2 | 7.5 மில்லியாம்ப் | 17 மில்லிவாட் |
| யுடோப்பியா | 80 ஓம் | 0.57 | 7 மில்லியாம்ப் | 4 மில்லிவாட் |
| எல்சிடி-எக்ஸ் | 20 ஓம் | 0.32 | 16 மில்லியாம்ப் | 5 மில்லிவாட் |
| சுஸ்வரா | 60 ஓம் | 5.5 | 91 மில்லியாம்ப் | 500 மில்லிவாட் |

கடைசி வரி மட்டும் வேறு உலகம். மற்ற மூன்றும் இருபது மில்லிவாட்டைத் தாண்டவில்லை. யுடோப்பியாவும் எல்சிடி-எக்ஸும் எவ்வளவு விலை உயர்ந்தவையாக இருந்தாலும், திறன் என்று பார்த்தால் சாதுவான பிள்ளைகள். ஆப்பிளின் சின்ன டாங்கிள் (ஹெட்போன் அடாப்டர்) விற்கப்படும் பகுதியைப் பொறுத்து அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட்வரை தரும். எல்சிடி-எக்ஸுக்கு அதுவே ஒலி அளவில் போதும். "பெரிய ஹெட்போன், அதனால் பெரிய ஆம்ப்" என்ற எண்ணத்தை இந்த அட்டவணையைப் பார்த்தபிறகு விட்டுவிடலாம். 300 ஓம் என்றதும் "ஓட்டவே முடியாது" என்று பயப்படுவதும் அப்படித்தான். இம்பீடன்ஸ் மட்டும் எதையும் சொல்லாது, சென்சிடிவிட்டியையும், அதாவது கொடுத்த திறனுக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்பதையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். 60 ஓம் சுஸ்வரா 300 ஓம் ஹெச்டி 650-ஐவிட ஏறக்குறைய முப்பது மடங்கு திறன் கேட்கிறது.

ஹெச்டி 650: ட்யூபா, சாலிட் ஸ்டேட்டா?

நான்கில் உண்மையான போட்டி இருக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

டைனமிக் ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லா அலைவரிசையிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஹெச்டி 650-க்கு 300 ஓம் என்று எழுதியிருந்தாலும், பேஸ் பகுதியில், 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், அது ஏறக்குறைய 500 ஓம் வரை மேடு கட்டும். ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது ஆம்புக்குள்ளேயே இருக்கும் எதிர்ப்பு, ஒரு ஓமுக்கும் கீழே இருந்தால் இந்த மேடு காதுக்குத் தெரியாது. ஆம்ப் என்ன வோல்ட் தருகிறதோ அதுவே எல்லா அலைவரிசையிலும் ஹெட்போனுக்குப் போய்ச் சேரும். நல்ல சாலிட் ஸ்டேட் ஆம்ப் எல்லாம் இந்த ரகம்.

ஓடிஎல் ட்யூப் ஆம்ப் அப்படி இல்லை. அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ் 100 ஓமைத் தாண்டுவது சகஜம். 120 ஓம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 300 ஓம் இடத்தில் ஹெட்போனுக்கு 71 சதவீத வோல்ட் போகும், 500 ஓம் மேட்டில் 81 சதவீதம் போகும். வித்தியாசம் ஒரு டெசிபல். அதாவது பேஸின் மேல்பகுதி ஒரு டெசிபல் தூக்கிக் கொடுக்கப்படுகிறது. ட்யூபின் "கதகதப்பு" என்று பலர் எழுதுவதில் ஒரு பெரிய பங்கு, ட்யூப் செய்யும் மாயம் இல்லை, இந்த வோல்ட் பங்கீடுதான். மிச்சப் பங்கு ட்யூப் சேர்க்கும் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது மூல ஒலியின் இரு மடங்கு அலைவரிசை. அது அளவில் சிறிது, பெரும்பாலும் இனிமையானது.

மிருதங்கம் கேட்டால் இந்த ஒரு டெசிபல் எங்கே போய் உட்காருகிறது என்று பிடிபடும். சாலிட் ஸ்டேட்டில் தொப்பிப் பக்கத்துக் கும்கி (கையால் அழுத்தி வழுக்கும் பேஸ் ஒலி) வழுக்கி ஏறி, கை எடுத்த இடத்தில் சட்டென்று நின்றுவிடும். கிராக் மாதிரி ஒரு ஓடிஎல்லில் அதே கும்கி கொஞ்சம் பருத்து, நிற்பதற்கு முன் ஒரு கணம் தயங்கும். வலந்தலையில் விழும் அடிகளில் எனக்கு வித்தியாசம் சொல்லும்படி எதுவும் தெரிவதில்லை. இரண்டில் எது நிஜத்துக்கு நெருக்கம் என்று கேட்டால் சாலிட் ஸ்டேட்தான். எதில் இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பேன் என்றால் ஓடிஎல்லில். ஹெச்டி 650 ஓர் அமைதியான, உடல்கட்டுள்ள ஹெட்போன். அந்தத் தடிமன் அதற்குப் பொருந்துகிறது. அதே 300 ஓம் குடும்பத்தில் வரும் ஹெச்டி 800 எஸ்ஸுக்கு ஓடிஎல் இன்னும் பொருத்தம் என்பேன், அதன் பேஸ் மெலிசாகவும் ட்ரெபிள் முன்னே நிற்பதாகவும் இருப்பதால்.

ஆக, 300 ஓம் டைனமிக் என்றால் இரண்டுமே சரியான வழி. அடிக்கடி இசையைக் கூர்ந்து ஆராய்பவருக்கு, மிக்ஸிங் செய்பவருக்கு சாலிட் ஸ்டேட். சுகமாகக் கேட்பவருக்கு ஓடிஎல்.

யுடோப்பியா: ஓடிஎல் வேண்டாம்

அதே ஓடிஎல்லை யுடோப்பியாவில் செருகினால் கதை மாறும். இதுவும் டைனமிக்தான், இதற்கும் பேஸில் இம்பீடன்ஸ் மேடு உண்டு, ஆனால் அடிப்படை 80 ஓம் மட்டுமே. 80 ஓம் ஹெட்போன் ஒன்றின் மேடு 240 ஓமைத் தொட்டால், 120 ஓம் வெளியீட்டில் பேஸ் 4 டெசிபலுக்கு மேல் உயரும். அது கதகதப்பு இல்லை, வேறு ஹெட்போன். பாஸ் கிட்டார் வந்தாலே பாட்டுக்காரர் குரல் பின்னால் போய்விடும். யுடோப்பியாவை வாங்குவதே அதன் வேகத்துக்கும் துல்லியத்துக்கும்தான். அதைக் கொண்டுபோய்ச் சேற்றில் நிறுத்துவானேன்?

ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் இருக்க வேண்டும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. யுடோப்பியாவுக்கு அது 10 ஓம். சாலிட் ஸ்டேட் இதற்கு வெகு கீழேயே நின்றுவிடும். ட்யூப்தான் வேண்டும் என்று மனம் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ட்யூப் ஆம்ப் பக்கம் போங்கள். டிரான்ஸ்ஃபார்மர் ட்யூபின் உயர் இம்பீடன்ஸை ஹெட்போனுக்கு ஏற்றபடி இறக்கித் தரும். பல ஆம்ப்களில் குறைந்த, உயர்ந்த இம்பீடன்ஸுக்குத் தனித்தனி நிலை உண்டு. எடையும் விலையும் ஏறும், அது அந்த இரும்புக்கான விலை.

எல்சிடி-எக்ஸ்: திறன் பிரச்சினை இல்லை, வால்யூம் குமிழ்தான்

பிளேனரின் இம்பீடன்ஸ் ஏறக்குறைய தட்டையான கோடு. அதனால் வெளியீட்டு இம்பீடன்ஸ் அதிகமாக இருந்தாலும் அதன் ஒலிச் சமநிலை மாறாது. அப்படியானால் ஓடிஎல் சரிதானே என்று தோன்றும். சரியில்லை. 20 ஓம் சுமைக்கு 120 ஓம் வழியாக அனுப்பும்போது ஏழில் ஒரு பங்கு வோல்ட்தான் போய்ச் சேரும். 17 டெசிபல் வீண். மிச்சத்தை ஈடுகட்ட ஆம்ப் உள்ளுக்குள் ஏழு மடங்கு உழைக்க வேண்டும், அவ்வளவு குறைந்த சுமையை இழுக்கும்போது ட்யூபின் டிஸ்டார்ஷனும் ஏறும். ஒலி வரும், ஆனால் கலங்கிய ஒலி.

சாலிட் ஸ்டேட்டில் பார்க்க வேண்டியது வேறு. எல்சிடி-எக்ஸ் அதிக சென்சிடிவ் ஆனதால், கெயின் (பெருக்கும் அளவு) சுவிட்ச் உயர் நிலையில் இருந்தால் வால்யூம் குமிழ் எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். குமிழுக்குப் பின்னால் இருக்கும் சாதாரண பொட்டன்ஷியோமீட்டர் அந்தத் தொடக்கப் பகுதியில்தான் இடது வலது சரியாகச் சேராமல் இருக்கும். பாட்டுக்காரர் நடுவிலிருந்து ஒரு காதுப் பக்கம் நகர்ந்து நிற்பார். கெயினைக் கீழே இறக்கிவிட்டாலே போதும். ஹெச்பிஏ4 மாதிரி ரிலே வைத்து வால்யூம் மாற்றும் ஆம்ப்களில் இந்தத் தொல்லையே இல்லை, எந்த நிலையிலும் இரண்டு பக்கமும் ஒன்றாக நிற்கும். என்னைக் கேட்டால், இந்த ஹெட்போனுக்கு அதிக வாட் தரும் ஆம்பைவிட நல்ல வால்யூம் கட்டுப்பாடு உள்ள ஆம்ப் மேல்.

சுஸ்வரா: இங்கேதான் திறன் பேசுகிறது

சுஸ்வரா 5.5 வோல்ட்டும் 91 மில்லியாம்பும் சேர்த்தே கேட்கிறது. கிராக் ரக ஓடிஎல்லின் ஓய்வு மின்னோட்டம் சில பத்து மில்லியாம்ப்தான், அதைத் தாண்டி ஹெட்போனுக்குக் கொடுக்க அதனால் முடியாது. உச்சங்கள் தட்டையாக வெட்டப்படும். ஆகவே ஓடிஎல் இங்கே போட்டியிலேயே இல்லை.

மறுபக்கம், சுஸ்வராவுக்கு 100 வாட் ஸ்பீக்கர் ஆம்ப் இல்லாமல் முடியாது என்ற பேச்சும் மிகை. 110 டெசிபலுக்கு அரை வாட். ஈக்குவலைசரில் பேஸை 6 டெசிபல் தூக்குகிறீர்கள் என்றால் 2 வாட். 60 ஓமில் இரண்டு மூன்று வாட் தரும் சாலிட் ஸ்டேட் ஹெட்போன் ஆம்ப் இருந்தால் கணக்கு முடிந்தது. பேலன்ஸ்டு வெளியீடு (ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு முனையிலும் சிக்னல் ஓடுவது) உண்மையிலேயே கைகொடுப்பதும் இந்த ஹெட்போனிடம்தான். பேலன்ஸ்டில் வோல்ட் வீச்சு இரட்டிப்பாகும், மின்னோட்டம் இடம் கொடுத்தால் திறன் நான்கு மடங்குவரை போகும். ஹெச்டி 650-க்கோ யுடோப்பியாவுக்கோ அந்தக் கூடுதல் வோல்ட்டை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை.

அப்படியும் ஸ்பீக்கர் ஆம்பில் ஓட்டுவது தவறா என்றால், சுஸ்வராவுக்குத் தவறில்லை. 100 மைக்ரோவோல்ட் இரைச்சல் உள்ள ஓர் ஆம்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுஸ்வராவில் அது 15 டெசிபல் அளவில் ஒலிக்கும், அமைதியான அறையில்கூடக் கேட்காது. எல்சிடி-எக்ஸில் அதே இரைச்சல் 40 டெசிபல். பாட்டு நின்ற இடைவெளியெல்லாம் "ஸ்ஸ்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரே ஆம்ப், ஒரே இரைச்சல், ஹெட்போன் மட்டும்தான் வேறு.

இதில் ஆபத்தான இடம் ஒன்று உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். பல ஸ்பீக்கர் ஆம்ப்களில், குறிப்பாக கிளாஸ் டி ஆம்ப்களில், இடது வலது இரண்டின் நெகட்டிவ் முனையும் கிரவுண்ட் இல்லை, அவையும் சிக்னல் ஓடும் முனைகள். சாதாரண மூன்று முனை ஜாக் இரண்டு நெகட்டிவையும் ஒன்றாக இணைத்துவிடும், ஆம்ப் அந்த இடத்திலேயே ஷார்ட் ஆகும். நான்கு கம்பி தனித்தனியாக வரும் கேபிள் இல்லாமல் அந்த வழியில் போகவே கூடாது. பேலன்ஸ்டு ஹெட்போன் ஆம்பின் நான்கு பின் எக்ஸ்எல்ஆரிலிருந்து சாதாரண ஜாக்குக்கு மாற்றும் அடாப்டருக்கும் இதே எச்சரிக்கை. எதிர்த் திசையில், பேலன்ஸ்டு கேபிளைச் சாதாரண ஆம்பில் செருகும் அடாப்டரால் கெடுதல் இல்லை.

ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-009 போன்ற எலக்ட்ரோஸ்டேடிக் ஹெட்போன்கள் இந்த ஒப்பீட்டுக்குள் வராது. அவற்றுக்கு 580 வோல்ட் பயஸும் (எப்போதும் நிலைத்திருக்கும் மின்னழுத்தம்), நூற்றுக்கணக்கான வோல்ட் சிக்னலும், ஐந்து பின் சாக்கெட்டும் உள்ள தனி ஆம்ப் வேண்டும். மேலே சொன்ன எந்த ஆம்பிலும் அவற்றை நேரடியாகச் செருக முடியாது.

இரண்டு ஆம்பை நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தால், ஒலி அளவைக் காதால் சமன் செய்யாதீர்கள். அரை டெசிபல் கூடினாலே கூடிய பக்கம் "இன்னும் தெளிவு, இன்னும் விரிவு" என்று தோன்றும். 400 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போன் இணைந்திருக்கும்போதே, ஆம்பின் வெளியீட்டை மல்டிமீட்டரின் ஏசி நிலையில் அளந்து, இரண்டையும் ஒரு சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். ஒன்றில் 0.200 வோல்ட் என்றால் இன்னொன்றில் 0.198-இலிருந்து 0.202-க்குள். அது முடிந்த பிறகு, எது ஓடுகிறது என்று தெரியாதபடி வேறொருவரை மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஹெச்டி 650-இல் ஓடிஎல்லும் சாலிட் ஸ்டேட்டும் அப்போதும் பிரிந்து நிற்கும். இரண்டு நல்ல சாலிட் ஸ்டேட் ஆம்ப்கள் பெரும்பாலும் பிரியாது, அப்படிப் பிரியவில்லை என்றால் விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தை ஹெட்போனில் போடுங்கள்.